தேசிங்கு அண்ணனுக்கு ஒரு இடது இறக்கை

ஒர்க்‌ஷாப்பில் இப்போது வேலை செய்கிற பெண்கள் போன வாரம் போன் செய்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விஷயம் இதுதான். இப்போது விமான மாடலுக்கு இறக்கையை யாரும் கட்டையில் கட்டுவதில்லை. தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைக்கட்டியை மிஷினே அறுத்துத் தள்ளுகிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. "அப்புறம் எதுக்குக்கா இந்தப் பருப்பு மூட்டை டெஸ்ட்டு? ஃபேனையும் நிறுத்திட்டு வேர்த்துக்கினு நிக்கிறோம். வுட்டுடலாமா?" என்று கேட்டார்கள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் இல்லை. பதிலை நின்ற இடத்தில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு இடத்தில் நிற்கவும் வராது, உட்காரவும் வராது. ரிட்டயர் ஆனதிலிருந்து இது முற்றிப்போய்விட்டது. கருங்குழியில் எங்கள் வீட்டுப் பின்கதவு மழைக்கு உப்பிக்கொண்டு இறுக்கமாக இருந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கை நிற்கவில்லை. இப்போது அந்தக் கதவு சாத்தினாலும் தெரு தெரிகிறது. மிக்ஸியைக் கழற்றிப் பார்த்த அன்றைக்கு மருமகள் ஸ்க்ரூடிரைவரை எல்லாம் எடுத்து பரணில் போட்டுவிட்டாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். எனக்குத்தான் அழுகையாக வந்தது.

சின்ன வயசிலும் இப்படித்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பெல்ட் முன்னால் நின்று ஒரே திருகை ஒரே இடத்தில் முடுக்குகிற வேலை. ஒரு கோடையோடு ஓடி வந்துவிட்டேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கலீல் பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். காலேஜ் பிள்ளைகளுக்கும் சினிமாக்காரர்களுக்கும் பறக்கிற மாடல் விமானங்கள் செய்து தருவார். கை வேகமாக இருக்கிற பெண் வேண்டும் என்றார்கள் என்று போனேன். போனவள் தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன்.

கற்றுக்கொண்ட கதையை நீட்ட மாட்டேன். முதலில் பிளேடு உடைத்தேன், பிறகு விரலைப் பசையில் ஒட்டிக்கொண்டேன், பிறகு எல்லாரையும் போல இரண்டு வலது இறக்கை கட்டினேன். இது புதிதாக வருகிற ஒவ்வொருவரும் செய்வது. வரைபடத்தில் இருப்பதைப் பார்த்து ஒன்று கட்டுவோம், அதே வரைபடத்தில் இன்னொன்றும் கட்டுவோம், ஜோடி சேர்க்கும்போதுதான் இரண்டும் ஒரே பக்கத்துச் செருப்பு என்று தெரியும். அதற்கு பாய் வைத்திருந்த வழி தேங்காய் எண்ணெய். வரைந்த தாளில் எண்ணெயைத் தடவித் தேய்த்தால் கோடு பின்பக்கம் தெரியும். தாளைத் திருப்பிப் போட்டு, எண்ணெய் கட்டையில் ஏறாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் பேப்பர் விரித்து, அதன்மேல் கட்டினால் இடது இறக்கை. ஒர்க்‌ஷாப் பூரா தலைவாரின வீடு மாதிரி மணக்கும்.

அப்போது இறக்கை கட்டினது பால்சா என்கிற கட்டையில். அதற்காக அழுகிற கட்சி நான் இல்லை. அந்தத் தூசியில் தும்மியே பாதி ஆயுசு போனது. நுரைக்கட்டி நல்ல பொருள். ஆனால் பால்சாவை ஒரு தரம் கையில் எடுத்தவர்களுக்கு அது மறக்காது. கட்டை மாதிரி தெரியும், தூக்கினால் ஒன்றுமே இருக்காது. ஒரே மரத்தில் அறுத்த பலகையிலேயே ஒரு ஓரம் பஞ்சு, ஒரு ஓரம் எலும்பு. நகத்தால் அழுத்திப் பார்த்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து, வலது இறக்கைக்குப் போன கட்டைக்குச் சமமான கட்டையை இடதுக்குத் தேடுவோம். இறக்கையின் குறுக்கெலும்புக்கு ரிப் என்று பெயர். அந்த எலும்புகளைக் கோத்துக்கொண்டு உடம்போடு சேர்கிற தோளிலிருந்து நுனிவரை ஓடுகிற நீளக்கட்டை ஸ்பார். அவ்வளவு தெரிந்தால் போதும், நான் சொல்லப்போவது புரிந்துவிடும்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். நன்றாக இருந்தால் "இருக்கட்டும்" என்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விடுவார். எத்தனையோ நாள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். எந்த இறக்கையும் மூட்டை வைக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது.

இறக்கையின் தோள்பக்கத்தை மேஜை ஓரத்தில் கிளாம்ப்பால் கவ்வி இறுக்குவார், தலைகீழாக. காற்று இறக்கையைக் கீழேயிருந்து மேலே தள்ளும் அல்லவா, அதைக் கவிழ்த்துப் போட்டு மேலேயிருந்து பாரம் வைத்தால் கணக்கு ஒன்றுதான். பாரத்துக்கு, அவர் வீட்டம்மா தைத்துக் கொடுத்த சின்னத் துணிப்பைகளில் துவரம் பருப்பு. முன்பு மணல்தான் இருந்தது. அது கசிந்து மோட்டாருக்குள் போனதால் பருப்பானது. பைகளைத் தோளிலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாக அடுக்குவார். ஃபேன், ரேடியோ எல்லாம் நிறுத்த வேண்டும். அவர் இறக்கையைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதை ஸ்பார் பக்கத்தில் வைத்துக்கொள்வார். உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்டால் "பேசுது" என்று கையை எடுப்பார். எங்கள் விமானம் ஒன்று முன்பு ஒரு காலேஜ் மைதானத்தில் வானத்திலேயே இறக்கை மடிந்து, உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் கல் மாதிரி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. பாய்தான் அதற்கப்புறம் இப்படி ஆனார்.

இனி அஞ்சலை அக்கா வந்த கதை.

காலை வியாபாரம் முடித்து, காலிக் கூடையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்து நின்றார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவர். கூடைக்குள்ளிருந்து பழம்புடவையில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். பிரித்தால் ஒரு வலது இறக்கை, மேலே போர்த்துகிற பிளாஸ்டிக் பிலிம் ஒட்டாத வெறும் எலும்புக்கூடு.

"இதுக்கு ஜோடி ஒண்ணு செஞ்சி குடு தங்கச்சி" என்றார்.

"யாருக்கா கட்னது?"

"எங்க வூட்டுக்காரரு. பேரு தேசிங்கு. கடலுக்குப் போற பைபர் போட்டுங்க உடஞ்சா ஒட்டிக் குடுக்கறவரு. காலேஜு பசங்க வுட்ட ஏரோப்ளேன் கடல்ல விழுந்துச்சி. இவருதான் போட்ல போயி எடுத்தாந்தாரு. ரெக்கை நாசமாப் பூட்ச்சி, உடம்பு மட்டும் நல்லா கீது. நீயே வெச்சிக்கோண்ணு பசங்க குடுத்துட்டுப் போனாங்க, கொஞ்சம் கட்டையும் குடுத்தாங்க. அந்தக் கட்டைகூட உங்க கடையிலதான் வாங்குனதாம். ஒரு பக்கம் கட்டி முடிச்சாரு. மறுநாளு கை கால் இழுத்துக்கிச்சி. வலது பக்கம் பூரா."

மீதியைக் கூடையின் ஓலையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி, குச்சியும் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனால் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். வீட்டுக்குப் பின்னால் கடல். அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கவே விடுவதில்லை. போட்டுக்காரர்கள் இந்தக் கோலத்தில் பார்ப்பார்களாம்.

"இது முழுசா ஆனா எழுந்து வருவாரு. எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லல, திருடிக்கினுதான் வந்தேன்" என்றார்.

பாய் இறக்கையைத் தூக்கினார். கண்ணை மூடி விரலால் நுனிவரை தடவினார். "இது ரெக்கை இல்லம்மா, போட்டு" என்றார் என்னிடம். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. படகில் அலை முட்டுகிற இடம் மூக்கு. படகுக்காரர்கள் மூக்கில்தான் கட்டையை அள்ளி வைப்பார்கள். தேசிங்கு அண்ணனும் அப்படியே இறக்கையின் நுனியில் கட்டைமேல் கட்டை ஒட்டி, பிசின் ஊற்றி இழைத்திருந்தார். வேலை என்றால் அப்படி ஒரு வேலை, விரலுக்கு ஒரு மேடு பள்ளம் படவில்லை. ஆனால் இறக்கைக்கு நுனி எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. பலம் வேண்டியது தோளில். அவர் தோளில் ஒன்றுமே வைக்கவில்லை.

"நுனியை அறுத்துட்டு லேசாக்கிடலாம்" என்றேன். கத்தி கையில்தான் இருந்தது.

அஞ்சலை அக்கா இறக்கையை மார்போடு எடுத்துக்கொண்டார். "அவரு கை வெச்சதுல கத்தி வெக்காதம்மா. அந்தக் கை இனிமே வருமோ வராதோ."

நான் பாயைப் பார்த்தேன். ஒரு பக்கம் நுனி கனம், ஒரு பக்கம் நுனி லேசு என்றால் விமானம் கிளம்பின உடனே கனமான பக்கமாகப் புரண்டு மண்ணில் குத்தும். அறுக்கக் கூடாது என்றால் ஒரே வழிதான். என் இறக்கையிலும் அதே தப்பை அதே அளவுக்கு வைக்க வேண்டும். பாய் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த இறக்கையைக் கட்டின நாட்கள் எனக்கு நரகம். அவருடையதைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, எண்ணெய் தடவித் திருப்பி, ரிப்களை அறுத்துக் குத்தூசியால் நிறுத்துகிறவரை பரவாயில்லை. நுனிக்கு வந்ததும் கை மக்கர் பண்ணியது. இத்தனை வருஷம் ஒரு இழை கனம் குறைக்கத் தேய்த்துத் தேய்த்துப் பழகின கை, வேண்டுமென்றே கட்டையை ஒட்டு என்றால் ஒட்டுமா? எழுந்து போய் தண்ணீர் குடிப்பேன், திரும்பி வருவேன், தராசில் வைப்பேன், இன்னும் போதவில்லை என்று காட்டும். எரிச்சலில் அவரை மனதுக்குள் திட்டினேன். முகம் தெரியாத ஒரு மனுஷனோடு அத்தனை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் சண்டையிலேயே ஆளும் பழக்கமாகிவிட்டார். எந்த இடத்தில் மெதுவாக இழைத்தார், எங்கே அவசரப்பட்டார் என்று தெரிந்தது. நுனியில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

முடித்ததும் பாய் ஃபேனை நிறுத்தச் சொன்னார். மூட்டைகள் வந்தன. அவர் எந்த இறக்கையையும் விடமாட்டார், வலதுக்கும் வைப்பார்.

"பாய், அந்த அண்ணன் கட்னதுக்கு வெக்காதீங்க. ஒடஞ்சா அந்தக்கா மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

"வெக்காம அனுப்ப சொல்றியா?"

"நான் தர மாட்டேன்" என்று வலது இறக்கையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுவிட்டேன். முதலாளியிடம் அப்படிப் பேசினது அந்த ஒரு தடவைதான்.

பாய் என்னிடம் வாதாடவில்லை. மேஜையில் கிடந்த என் இறக்கையை எடுத்துக் கவ்வி இறுக்கினார். காதை வைத்துக்கொண்டு பருப்புப் பைகளை அடுக்கினார். "பேசுது" என்றார். வழக்கமாக அங்கே நிறுத்துவார். அன்றைக்கு நிறுத்தவில்லை, இன்னொரு பை வைத்தார், அதன்மேல் இன்னொன்று. நான் "பாய், பாய்" என்று கத்திக்கொண்டு வருவதற்குள் தோள் பக்கத்தில் படீரென்று முறிந்து, மூட்டை எல்லாம் தரையில் கொட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் குனிந்து பருப்பைப் பொறுக்கிக்கொண்டே, "ஒரே கட்டை, ஒரே அளவு, ஒரே தப்பு. உன்னுது எங்க ஒடையுதோ அங்கதான அதுவும் ஒடையும். அத்த எதுக்கு ஒடைக்கணும்?" என்றார். பிறகு, "தோள்ல பிளைவுட் துண்டு ஒண்ணு வெச்சி ஒட்டு, ரெண்டுக்கும். ஒட்றதுதான, கத்தி வெக்கல இல்ல?" என்றார்.

ஆக, தேசிங்கு அண்ணன் கட்டினது பிழைக்க வேண்டும் என்று பாய் என்னுடையதை உடைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு மறுபடி எண்ணெய் தாளை விரித்தேன். இரண்டாவது இடது இறக்கைக்குத் தோளில் பிளைவுட் வைத்தேன், பழைய அளவு மூட்டை ஏற்றியும் அது பேசவே இல்லை. அதே துண்டை வலதிலும் ஒட்டினேன். பாய் "இருக்கட்டும்" என்றார்.

பெண்களே, உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மிஷின் அறுத்ததெல்லாம் ஒன்றுபோல இருந்தால் நல்லது, தினமும் மூட்டை தூக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து முழுசாக உடைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் எங்கே உடையும் என்று அது சொல்லிவிடும். ஃபேனை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாயின் ஆம்னி வேனில் இறக்கைகளோடு குப்பத்துக்குப் போனோம். உடைந்த என் முதல் இறக்கையையும் பாய் ஏன் வேனில் போட்டார் என்று அப்போது தெரியவில்லை.

தேசிங்கு அண்ணன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். நல்ல உயரமான ஆள். அஞ்சலை அக்கா இரண்டு இறக்கையையும் அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அந்தக் கை நகர்ந்தது. தன்னுடையதைத் தடவியது, பிறகு என்னுடையதை. நுனிக்கு வந்ததும் நின்றது.

"யாரு செஞ்சா இத்த?"

"நான்தாண்ணே."

"நுனி இன்னா இம்மாங் கனம்?"

"உங்களுது அப்புடித்தான் கீது. அதான்."

"தப்புன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

அவர் திரும்பினார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. "தெரிஞ்சிக்கினே செய்வியா? நுனியிலதானம்மே அலை முட்டும்? நான் அதுக்காவ வெச்சேன். நீ இன்னாத்துக்கு வெச்ச?"

பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அண்ணாத்த, இதுக்கு அலை முன்னாலேர்ந்து வராது, அடியிலேர்ந்து வரும். இங்க பாரு, எங்க ஒடஞ்சிதுன்னு." உடைந்த இறக்கையைக் கொடுத்தார். படுத்துக்கொண்டே ஒரு கையால் அதைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. அண்ணன் முழங்கையை ஊன்றி, முனகிக்கொண்டு, எழுந்து உட்கார்ந்தார். முறிந்த இடத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். "பேஜாரு" என்றார். உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு, "அஞ்சலை, உப்புத்தாள் எங்க கீது?" என்று குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

அவருடைய நுனியை அவரே இடது கையால் தேய்த்தார், நான் பிடித்துக்கொண்டேன். அவர் தேய்த்த அளவுக்கு என்னுடையதை நான் தேய்த்தேன். தராசில் இரண்டும் சமமாகிறவரை விடவில்லை மனுஷன். ஆனால் கடல் பக்கத்துப் பின்கதவு மூடித்தான் இருந்தது. பறக்க விடும்போது வருவீர்களா என்று கேட்டதற்கு, "நீங்க வுடுங்க, நான் சத்தம் கேட்டுக்கறேன்" என்றார்.

பிலிமை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, மோட்டார் பொருத்தி, காற்று அடங்கின ஒரு சாயங்காலம் போனோம். பாய்தான் ரிமோட்டில் ஓட்டினார். விமானம் அலைக்கு மேலே போய் சாய்ந்து திரும்பி வந்தது. போட்டுப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்கதவு திறந்திருந்தது. அண்ணன் குச்சியை ஊன்றி, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

இறங்கும்போது காற்று கொஞ்சம் தூக்கிவிட்டது. விமானம் எங்களைத் தாண்டிப்போய், தண்ணீர் வந்து வந்து போகிற ஈர மணலில் உட்கார்ந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் பால்சா அவ்வளவுதான். எல்லாரும் ஓடக் கிளம்பினோம்.

"நில்லுங்க! யாரும் போவாதீங்க!" என்று அஞ்சலை அக்கா கத்தினார்.

அண்ணன் மணலில் இறங்கியிருந்தார். ஓடப்போன ஆட்களை அஞ்சலை அக்கா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். "அவரு போவட்டும்" என்றார். அலை வருவதும் போவதும் தெரிகிறது. அவர் குச்சியை ஊன்றுகிறார், காலை இழுக்கிறார், மறுபடி ஊன்றுகிறார். ஒரே ஓட்டத்தில் நான் எடுத்து வந்துவிடுவேன். என் கால் இரண்டும் துடித்தன. ஆனாலும் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

ஒரு பெரிய அலை ஏறி வந்து விமானத்தைச் சுழற்றியது. அவருக்கு வேலை செய்கிற கை ஒன்றுதான், அதில் குச்சி இருந்தது. அவர் குச்சியைப் போட்டார். போட்டுவிட்டு, குனிந்து, வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தனியாக நின்றார். குச்சியைக் கடல் கொண்டுபோனது.

அப்புறம்தான் அஞ்சலை அக்கா ஓடினார். பின்னாலேயே நான். அண்ணன் குச்சியைத் தேடவே இல்லை. விமானத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தார், இடது இறக்கைக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்னுது நனஞ்சி பூட்ச்சிம்மே" என்றார் என்னிடம். "இந்த வாட்டி நான் கட்றேன். நீ புடிச்சிக்கினா போதும்."